முதல் இரவுக்கு முன் பத்து நிமிடம்

"மரத்த அடிங்க மாமா" என்றான் அக்கா மகன். அவனுக்குப் பதினொரு வயது. கணினித் திரையில் ஒரு புல்வெளி, எதிரே கட்டம் கட்டமாக அடுக்கி வைத்ததுபோல ஒரு மரம். மவுஸின் இடது பொத்தானைத் தட்டினேன். மரத்தில் ஒரு விரிசல் தோன்றி மறைந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் விரிசல் வந்தது, மறைந்தது.

"அடிங்க மாமா."

"அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல மாமா, அடிங்க!"

இப்படியே ஒரு நிமிடம் போனது. பொறுமை இழந்து மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் விரல் பொத்தானை அழுத்தியது, அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது. மூன்று விநாடியில் மரத்துண்டு உடைந்து கீழே விழுந்தது. தட்டக் கூடாது, அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரலை எடுத்தால் விரிசல் பழையபடி மூடிக்கொள்ளும். இதை அவன் சொல்லவே இல்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. நான்கு வருடமாக ஆடும் அவனுக்கு 'அடி' என்றாலே 'அழுத்திப் பிடி' என்றுதான் பொருள்.

அந்த விளையாட்டு மைன்கிராஃப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழு வடிவம் 2011 நவம்பரில் வந்தது. 2014இல் அவருடைய மொஜாங் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபரில், விற்ற பிரதிகள் 30 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதில் 'சர்வைவல்' என்றொரு முறை இருக்கிறது. வெறுங்கையோடு ஓர் உலகில் இறக்கிவிடப்படுவீர்கள். பசிக்கும், இருட்டும், இருட்டில் ஜாம்பிகள் வரும். எப்படியாவது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல வருடங்கள் இந்த விளையாட்டின் கணினிப் பதிப்பு தன்னை ஆடக் கற்றுத்தரவே இல்லை. எதை எதோடு சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று உள்ளே எங்கும் எழுதியிருக்காது. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் உண்டு. 2017இல்தான் உள்ளேயே ஒரு செய்முறைப் புத்தகமும் சில குறிப்புகளும் சேர்த்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறையே அண்ணனிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் கேட்டுத்தான் கற்றிருந்தது. இன்றும் பலர் அப்படித்தான் கற்கிறார்கள். அதனால் ஒரு புதியவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. மனித மனம் புதிதாக ஒன்றைக் கற்பதைப் பற்றி அறிவியல் கண்டுபிடித்தவற்றை, கண்ணெதிரே வைத்துச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். அந்த உலகில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 20 நிமிடம். அதில் பகல் 10 நிமிடம். ஒன்றரை நிமிடம் அந்தி, ஏழு நிமிடம் இரவு, ஒன்றரை நிமிடம் விடியல். புதியவர் உலகில் கால்வைக்கும்போது சூரியன் உதித்து வெகுநேரம் ஆகியிருக்காது. ஆகவே அவரிடம் இருப்பது பத்து நிமிடச் சொச்சம். பூப் பறித்து, ஆட்டைத் துரத்தி, தண்ணீரில் குதித்துப் பார்ப்பதற்குள் வானம் சிவந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கவேண்டியது ஒரு சங்கிலி. மரத்தை அடித்தால் கட்டை. ஒரு கட்டையிலிருந்து நான்கு பலகை. இரண்டு பலகையிலிருந்து நான்கு குச்சி. நான்கு பலகையைச் சதுரமாக வைத்தால் 'கிராஃப்டிங் டேபிள்' எனும் பட்டறை மேசை. அந்த மேசையில் மேல்வரிசையில் மூன்று பலகையும் நடுவில் கீழாக இரண்டு குச்சியும் வைத்தால் மரப் பிக்காசு. வைக்கும் அமைப்பைப் பார்த்தாலே பிக்காசு மாதிரிதான் இருக்கும். அது இருந்தால் கல் எடுக்கலாம், கல் இருந்தால் கல் பிக்காசு, அதை வைத்து இரும்புத் தாது, எட்டுக் கல்லில் செய்த உலையில் அதை உருக்கினால் இரும்பு, இரும்புப் பிக்காசால் வைரம்.

ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைத் திறக்கும் சாவி. இடையில் ஒன்று விட்டுப்போனால் விளையாட்டு திட்டாது, சொல்லவும் செய்யாது. வெறுங்கையால் கல்லை ஏழரை விநாடி அடித்தால் கல் உடைந்துவிடும், ஆனால் கையில் ஒன்றும் வராது. கல் பிக்காசால் வைரத்தை உடைத்தால் வைரம் அப்படியே போய்விடும். புதியவர் இதைப் பார்த்து 'கல் எடுக்க முடியாது போலிருக்கிறது' என்று முடிவுகட்டி நடந்துவிடுவார். தவறு செய்தோம் என்பதே தெரியாமல் போகும் தவறுதான் கற்பவரை அதிகம் அலைக்கழிக்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆனாலும் புதியவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஏணி, சாவி, கதவு, முள் என்று சாதாரணப் படங்கள் கொண்ட ஒரு சின்ன விளையாட்டைச் செய்தார்கள். முன்பின் ஆடாதவர்களும் அதைச் சுமார் இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். பிறகு அதே விளையாட்டில் படங்களை எல்லாம் அடையாளம் தெரியாத வண்ணக் கட்டங்களாக மாற்றினார்கள், விதிகளையும் குழப்பினார்கள். இப்போது இருபது நிமிடத்துக்கும் மேல் ஆனது. ஏணி என்றால் ஏறலாம், முள் என்றால் குத்தும் என்று வாழ்க்கையில் கற்று வைத்திருந்ததுதான் முதல் ஆட்டத்தை எளிதாக்கியிருக்கிறது. இயந்திரக் கற்றலுக்கு அந்த முன்னறிவு கிடையாது என்பதால், படம் மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

மைன்கிராஃப்டின் பலமும் இதுதான். மரத்திலிருந்து பலகை, கல்லைவிட இரும்பு உறுதி, இருட்டு ஆபத்து, நெருப்பு வெளிச்சம், பசித்தால் சாப்பிட வேண்டும் என்பவை ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அதனால் புதியவரிடம் 'பலகை செய்ய என்ன வேண்டும்?' என்று கேட்டால் போதும், பதில் அவரிடமே இருக்கும். சொல்லவேண்டியவை, வாழ்க்கை அனுபவம் காலைவாரும் சில இடங்கள் மட்டுமே. மரத்தின் அடித்துண்டை உடைத்தால் மேல்பாகம் சாயாது, அந்தரத்தில் நிற்கும். ஆனால் மணலின் அடியைத் தோண்டினால் மேலே உள்ள மணல் தலையில் சரியும். தீப்பந்தம் ஒருநாளும் அணையாது, மர வீட்டில் செருகினாலும் பற்றிக்கொள்ளாது. லாவா பக்கத்தில் இருந்தால் அதே வீடு எரிந்துபோகும். எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் ஆழமான தண்ணீரில் விழுந்தால் அடி படாது. அனுபவசாலிகள் இவற்றைச் சொல்ல மறந்து, புதியவருக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

முன்னறிவு இல்லாமல் இதைக் கற்பது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களைக் கேட்க வேண்டும். மைன்கிராஃப்டில் வைரம் எடுப்பது அவர்களுக்கு நெடுநாள் சவாலாக இருந்தது. 2019இல் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது. மனிதர்கள் ஆடிய பதிவுகளைக் கோடிக்கணக்கான படச் சட்டங்களாகக் கொடுத்தும், பங்கேற்ற எந்த அணியாலும் வைரத்தைத் தொட முடியவில்லை. 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வேறு வழியில் போனது. இணையத்தில் மக்கள் ஆடிப் போட்டிருந்த சுமார் 70,000 மணிநேரக் காணொளிகளை ஒரு நிரலுக்குக் காட்டிப் பயிற்றுவித்தது. பார்த்துக் கற்ற அந்த நிரலுக்கு மேலும் பயிற்சி கொடுத்தபின் வைரப் பிக்காசுவரை செய்ய முடிந்தது. நன்றாக ஆடும் மனிதருக்கே அதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்; விசைகளும் மவுஸ் அசைவுகளுமாக எண்ணினால் 24,000 செயல்கள்.

டீப்மைண்ட் ஆய்வாளர்களின் 'ட்ரீமர்' என்ற நிரல் யார் ஆடியதையும் பார்க்காமலேயே வைரத்தை எடுத்தது. 'நேச்சர்' இதழில் 2025இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ட்ரீமர் தன் அனுபவத்திலிருந்து அந்த உலகத்தின் ஒரு மாதிரியைத் தனக்குள் கட்டிக்கொள்கிறது. 'இதைச் செய்தால் அடுத்து என்ன ஆகும்?' என்று அந்த மாதிரிக்குள்ளேயே கற்பனையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறது. பெயருக்கு ஏற்ற குணம். ஆனாலும் அதற்குக் கோடிக்கணக்கான செயல்கள் தேவைப்பட்டன. அதோடு, அதையும் அப்படியே காட்டில் விட்டுவிடவில்லை. கட்டை, பலகை, குச்சி, மேசை, மரப் பிக்காசு என்று தொடங்கி வைரம்வரை 12 படிகள் வைத்து, ஒவ்வொரு படியையும் முதல்முறை எட்டும்போது ஒரு வெகுமதி கொடுத்தார்கள். கோடி முறை சலிக்காமல் முயலும் இயந்திரத்துக்கே வழியில் அடையாளக் கற்கள் வேண்டியிருக்கின்றன. சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் கிடைத்து உட்காரும் ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். மரம் உடைந்த பிறகு மருமகன் ஒரே மூச்சில் சொன்னது இது: "மாமா, நேரா கீழ தோண்டாதீங்க, லாவா இருக்கும். கிரீப்பர் வந்தா ஓடிருங்க. ஆட்ட அடிச்சா கம்பளி கிடைக்கும், மூணு கம்பளியும் மூணு பலகையும் சேத்தா பெட். நிலக்கரி பாத்தா விடாதீங்க. எண்டர்மேன் கண்ணப் பாக்காதீங்க. பசிச்சா கோழிக்கறிய பச்சையா சாப்பிடாதீங்க." ஒவ்வொன்றும் சரியான தகவல். ஒன்றுகூட என் தலையில் தங்கவில்லை.

காரணம் என் வயதல்ல. மனத்தின் வேலைமேசை மிகச் சிறியது. ஒரு நேரத்தில் புதிய தகவல்கள் நான்கைந்தை வைத்துக்கொள்வதற்குள் அது நிறைந்துவிடும். நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சுமார் நான்கு என்று கணக்கிட்டார். அந்த நான்கு இடங்களில் எனக்கு அப்போது டபிள்யூ விசையை அழுத்தினால் முன்னால் போகும் என்பது ஒன்று, மவுஸை அசைத்தால் தலை திரும்பும் என்பது ஒன்று, அழுத்திப் பிடிப்பது ஒன்று. எண்டர்மேன் உட்கார இடம் ஏது? மருமகனுக்கோ நடப்பதும் திரும்புவதும் எண்ணமே தேவையில்லாத பழக்கம். நாம் சைக்கிள் மிதிப்பதுபோல. அவன் மேசை முழுக்கக் காலி, அதனால் என் மேசையும் காலியாக இருக்கும் என்று நம்பினான்.

ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990இல் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஒரு சோதனை உண்டு. சிலரை எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனதில் பாடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் காதில் வாத்தியங்களோடு முழுப் பாட்டும் ஒலிக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக். 'இல்ல மாமா, அடிங்க' என்றபோது மருமகன் காதில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தெரிந்துகொண்ட ஒன்றைத் தெரியாத நிலைக்குத் திரும்பிப் போய் நினைத்துப் பார்க்க மனித மனத்தால் எளிதில் முடிவதில்லை. ஆசிரியப் பணியில் எத்தனையோ பேர் தடுக்கி விழும் இடம் இது. பதினொரு வயதுப் பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்படியானால் எவ்வளவு சொல்ல வேண்டும்? எப்போது? இதற்கு நான் கண்ட சிறந்த விடை, கணினி விளையாட்டுகள் வீடுகளுக்குள் பரவலாவதற்கு முந்தையது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் ஆகிய மூவரும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேர். கையில் 21 மரக் கட்டைகள். ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினால் ஒரு பிரமிடு வரும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒருவர். கட்டைகளை அடுக்கும் அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மைன்கிராஃப்ட்தான் கண்முன் வருகிறது. குழந்தையை முதலில் கட்டைகளோடு இஷ்டப்படி விளையாட விட்டார்கள். தானாகச் செய்ய முடிந்தவரை செய்யட்டும் என்பதுதான் அங்கே விதி. முடியாதபோது வாயால் சொல்வது, அதுவும் போதாதபோது செய்து காட்டுவது.

இந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'சாரம்' என்று சொல்லலாம். வீடு கட்டும்போது சவுக்குக் கம்பால் கட்டுவோமே, அந்தச் சாரம். சுவர் உயர உயரச் சாரமும் உயரும். பூச்சு முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். வுட் பின்னாளில் இதை எளிய விதியாகச் சொன்னார்: கற்பவர் தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. மைன்கிராஃப்டுக்குள்ளேயே மூங்கிலும் நூலும் சேர்த்துச் செய்யும் சாரம் ஒன்று உண்டு. உயரத்தில் வேலை முடிந்ததும் அடியில் ஒரே ஒரு கட்டையை உடைத்தால் மொத்தமும் சரசரவென்று இறங்கிவிடும். எடுப்பதற்காகவே கட்டப்பட்ட பொருள். முன்பு சொன்ன செய்முறைப் புத்தகமும் ஏறக்குறைய இதே குணம் கொண்டது. எல்லாச் செய்முறைகளையும் முதல் நாளே கொட்டாது. கையில் ஒரு பொருள் கிடைத்ததும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டும்.

என் கணிப்பில், முதல் பகலில் சொல்லவேண்டியவை மிகச் சில. அழுத்திப் பிடிப்பது. பட்டறை மேசை என்று ஒன்று இருப்பது. கல்லுக்குப் பிக்காசு வேண்டும் என்பது. இருட்டுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது. வைரத்தைப் பற்றியோ, மந்திர வாள்களைப் பற்றியோ, நெதர் எனும் பாதாள உலகத்தைப் பற்றியோ அன்று வாயே திறக்கக் கூடாது.

வீடு கட்டச் சொல்லவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் புதியவரால் வீடு கட்ட முடியாது. ஒரு குன்றின் பக்கவாட்டில் மூன்று கட்டம் குடைந்து உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துவிட்டால் போதும். உள்ளே கும்மிருட்டாக இருக்கும். நிலக்கரி கிடைக்காவிட்டால் உலையில் மரக்கட்டையைச் சுட்டுக் கரியாக்கலாம். ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் நான்கு தீப்பந்தம்.

அந்தப் பந்தத்தை வைத்த நொடியில் விளையாட்டின் மிக முக்கியமான விதி ஒன்று கைக்கு வருகிறது. இங்கே வெளிச்சத்துக்கு 0 முதல் 15 வரை அளவு உண்டு. பந்தத்தின் அளவு 14. நேர்கோட்டில் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும்போதும் ஒன்று குறையும். முன்பெல்லாம் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அந்த இடத்தில் ஜாம்பியும் எலும்புக்கூடும் முளைக்கும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு இதை மாற்றியது. இப்போது அளவு 0 ஆனால்தான் முளைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு ஒரு பந்தம் ஆறு கட்ட தூரம் காத்தது, இப்போது பதின்மூன்று கட்டம் காக்கிறது. பழைய காணொளியைப் பார்த்துக் கற்றவர்கள் இன்றும் ஆறு கட்டத்துக்கு ஒன்று செருகச் சொல்கிறார்கள். புதியவரின் சொற்ப நிலக்கரி அதிலேயே தீர்ந்துவிடும். தெரிந்தவருடைய அறிவும் காலாவதியாகும் என்பதற்கு இது நேரடி உதாரணம். 'பந்தம் எவ்வளவு தூரத்துக்குப் போதும்னு நீயே பாரு' என்று விடுவது இங்கே பாதுகாப்பான வழி.

வெளியே இருக்கும் பிராணிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜாம்பியும் எலும்புக்கூடும் விடிந்ததும் வெயிலில் எரிந்துபோகும். கிரீப்பர் எரியாது. காலடிச் சத்தம் இல்லாமல் நெருங்கி, 'ஸ்ஸ்' என்று ஒன்றரை விநாடி சீறிவிட்டு வெடிக்கும். பெர்சன் பன்றி உருவம் செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதால் பிறந்த உருவம் அது. இன்று அந்த விளையாட்டின் முத்திரையே அந்த முகம்தான்.

சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர் கட்டாயம் சாவார். பக்கத்தில் இருப்பவரின் கை துறுதுறுக்கும் நேரம் அது. தடுக்க வேண்டாம் என்பேன். ஜேனட் மெட்கால்ஃபும் பிரேடி பட்டர்ஃபீல்டும் 2001இல் ஒரு வியப்பான விஷயத்தைக் கண்டார்கள். 'இதுதான் விடை' என்று உறுதியாக நம்பிச் சொன்ன பதில் தவறு என்று தெரியவந்தால், அரைமனதோடு சொன்ன தவறைவிட அது நன்றாகத் திருந்துகிறது. எதிர்பார்ப்பு பொய்க்கும்போது கவனம் குவிகிறது, அப்போது வந்து சேரும் சரியான விடை ஆழமாகப் பதிகிறது. 'இவ்வளவு உயரம் குதித்தால் ஒன்றும் ஆகாது' என்று நம்பிக் குதித்தவருக்குத்தான் விழும் கணக்கு மறக்காது. அந்தக் கணக்கு எளிமையானது. மூன்று கட்டம்வரை அடி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை இதயம். இதயங்கள் மொத்தம் பத்து. ஆக 23 கட்டம் விழுந்தால் உயிர் போகும். இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் நாள் மறந்துவிடும்.

ஆனால் இந்தப் பாடம் பலிக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. தவறு நடந்த உடனே சரியானது என்ன என்பது தெரியவேண்டும். இழப்பும் தாங்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும். ஒன்றரை மணிநேர உழைப்பு ஒரே வெடிப்பில் போனால் குழந்தை கணினியை அணைத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அங்கே கற்பதற்கு ஆளே இல்லை. அதனால் தொடக்கத்தில் கடினத்தன்மையை 'ஈஸி' என்று வைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். அதில் பட்டினி கிடந்தாலும் ஐந்து இதயத்துக்குக் கீழே போகாது. 'பீஸ்ஃபுல்' வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே அரக்கர்களும் இல்லை, பசியும் வாட்டாது. இரவுக்குப் பயம் இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு மதிப்பும் இல்லை.

செத்தவர் கண்ணீர்விடும் முன் ஒரு தகவலை மட்டும் சொல்லுங்கள். விழுந்த பொருட்கள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும் என்று எல்லோரும் பதறி ஓடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் நம் சுவர்க்கடிகாரத்தின் ஐந்து நிமிடம் அல்ல. நாம் வெகுதூரத்தில் இருந்தால், பொருட்கள் கிடக்கும் நிலப்பகுதியைக் கணினி இயக்காது. அப்போது அவற்றின் கடிகாரமும் ஓடாது. நாம் கிட்டே நெருங்கிய பிறகுதான் அது ஓடத் தொடங்கும். ஆகவே தூரத்தில் செத்தவர் நிதானமாக ஒரு வாளும் இரண்டு ரொட்டியும் செய்துகொண்டு கிளம்பலாம். வெறுங்கையோடு பதறி ஓடி, வழியில் இரண்டாவது முறை செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரவுக்குள் ஒரு படுக்கை செய்து அதில் ஒருமுறை படுத்துவிட்டால், மறுபிறப்பு அந்த வீட்டருகிலேயே நடக்கும். மூன்று கம்பளிக்கு இவ்வளவு பெரிய பலன் வேறு எங்கும் கிடைக்காது.

இரண்டு வாரம் கழித்து, மருமகனின் தங்கை ஆட வேண்டும் என்றாள். எட்டு வயது. அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: மவுஸ் அவள் கையில்தான் இருக்க வேண்டும், நீ தொடக் கூடாது. சரி என்று நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "விரல எடுக்காம அழுத்திக்கிட்டே இரு" என்றான் முதல் வார்த்தையாக. மரம் உடைந்தது. அடுத்த எட்டு நிமிடத்தில் அவள் பூப் பறித்தாள், ஒரு பன்றியோடு பேசினாள், மேசை செய்தாள், மேசையை எங்கே வைத்தோம் என்று தேடினாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வானம் சிவந்தபோது மட்டும், "பாப்பா, இருட்டப்போகுது" என்றான். அவளாகவே குன்றில் ஒரு பொந்து குடைந்து உள்ளே போனாள். வாசலை மூட மறந்துவிட்டாள். ஜாம்பி ஒன்று உள்ளே தலையை நீட்டியது. ஒரு கத்துக் கத்திவிட்டு, கையிலிருந்த மண்ணை எடுத்து அடைத்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு நேரமும் இருக்கவில்லை.

திரை முழுக்கக் கறுப்பு. வெளியே உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அண்ணா, விடிஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "மேல ஒரு கட்டைய மட்டும் உடைச்சுப் பாரு" என்றான். உடைத்தாள். சதுரமாக ஒரு துண்டு வானம், அதில் நட்சத்திரம். அவசரமாக மூடிவிட்டு, மறுபடி காத்திருந்தாள். மூன்றாவது முறை திறந்தபோது நீலம் தெரிந்தது. அன்று அவளிடம் பந்தமும் இல்லை, படுக்கையும் இல்லை. முதல் இரவைக் கடந்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டால் உட்காருங்கள். அவர் உங்கள் மகளாக இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இருட்டப்போவதைச் சொல்லுங்கள். மற்றவற்றை அவர் கேட்கும்போது சொல்லலாம். மவுஸ் மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.